ஹரிகேன் கரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எச்சரிக்கையைப் படிப்பதும் தயாராவதும்

ஹூஸ்டன், டாம்பா, மயாமி, நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்காவின் வளைகுடாக் கரையிலோ அட்லாண்டிக் கரையிலோ வேலைக்காகவும் படிப்புக்காகவும் புதிதாக வந்திறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தின் முதல் புயல் பருவத்தில், தேவையான செய்திகளை வானிலை மையம், கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், குடியேற்றத் துறை என்று துண்டு துண்டாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பல வேலைகளுக்குக் கெடு தாண்டிய பிறகுதான் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியவந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஹரிகேன் என்னும் கடும் புயல்களின் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் கடுமையான காலம், அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. கீழே உள்ள முதல் மூன்று வேலைகளை மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்தவர்கள், வந்த வாரமே தொடங்குங்கள்.

1. உங்கள் வீட்டின் வெளியேற்ற மண்டலத்தைக் கண்டுபிடியுங்கள்

புயலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வருமா என்பதுதான் முதல் கேள்வி. ஃப்ளோரிடாவில் கரையோரக் கவுண்டிகள் பெரும்பாலும் ஏ, பி, சி என்று எழுத்துகளால் வெளியேற்ற மண்டலங்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. முதலில் காலி செய்யச் சொல்வது ஏ மண்டலத்தைத்தான். ஹூஸ்டன், கால்வெஸ்டன் பகுதியில் ஜிப் கோடு அடிப்படையில் கரையோர மண்டலம், ஏ, பி, சி என்று வகுத்திருக்கிறார்கள். கவுண்டியின் அவசரநிலை மேலாண்மைத் துறையின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும், செலவு எதுவும் இல்லை. கண்டுபிடித்த எழுத்தை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளியேற்ற மண்டலமும் வெள்ள மண்டலமும் வேறு வேறு. மத்திய அரசின் பேரிடர்த் துறையான ஃபீமாவின் வரைபடத்தில் ஏஇ, விஇ, எக்ஸ் என்று இருப்பவை வெள்ள மண்டலங்கள். அவை காப்பீட்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் பயன்படுபவை. 'எங்கள் வீடு எக்ஸ் மண்டலம், பயமில்லை' என்று சொல்பவரின் முகவரி வெளியேற்ற மண்டலம் பி-யில் இருக்கலாம். காலி செய்யச் சொல்லும் உத்தரவு வெளியேற்ற மண்டலத்தை வைத்துத்தான் வரும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அதே தளத்தில் கவுண்டியின் கைப்பேசி எச்சரிக்கைச் சேவைக்கும் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசின் பொது அவசரச் செய்தி எல்லாக் கைப்பேசிகளுக்கும் தானாகவே வரும். உங்கள் தெரு, உங்கள் மண்டலம் என்று குறிப்பாக வரும் செய்திகள் பதிவு செய்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

2. காப்பீடு: முப்பது நாள் கெடுவை நினைவில் வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வாடகைதாரர் காப்பீடாக இருந்தாலும் வீட்டு உரிமையாளர் காப்பீடாக இருந்தாலும், வெளியிலிருந்து வரும் வெள்ளத்துக்கு அவை பணம் தருவதில்லை. குழாய் உடைந்து வீடு நனைந்தால் தருவார்கள், கடலோ ஏரியோ மழை வெள்ளமோ உள்ளே வந்தால் தரமாட்டார்கள். வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். மத்திய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையிலும் உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரையிலும் ஈடு தருகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். கட்டணம் முகவரிக்கு முகவரி மாறும்.

பணம் கட்டிய நாளிலிருந்து முப்பது நாள் கழித்துத்தான் இந்தக் காப்பீடு நடைமுறைக்கு வரும். வீட்டுக் கடன் பத்திரம் முடிக்கும்போது எடுப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. தொலைக்காட்சியில் புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு உதவாது. காற்றுச் சேதக் காப்பீடும் அப்படித்தான். புயல் நெருங்கியதும் நிறுவனங்கள் புதுப் பத்திரம் எழுதுவதை நிறுத்திவிடும். டெக்ஸாஸின் கரையோரக் கவுண்டிகளில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் காற்றுச் சேதம் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அதைத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

பத்திரத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். எங்கள் குடியிருப்பு அலுவலகத்தில் 'காப்பீடு வாடகையிலேயே சேர்ந்திருக்கிறது' என்றார்கள். தாளை வாங்கிப் பார்த்தால், நாங்கள் கட்டடத்துக்கு ஏதாவது சேதம் செய்துவிட்டால் உரிமையாளருக்குப் போகும் பணம் அது. எங்கள் பொருள்களுக்கு அதில் ஒரு காசு கூட இல்லை. மாதந்தோறும் அந்தத் தொகையைக் கட்டிவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்பும் குடும்பங்கள் எத்தனையோ.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வீடு வாங்கியவர்கள் 'ஹரிகேன் டிடக்டிபிள்' என்ற வரியைத் தேடுங்கள். சாதாரணச் சேதத்துக்கு நீங்கள் ஏற்கும் பங்கு 1,000 டாலராக இருக்கலாம், ஹரிகேனுக்கு அது வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2 அல்லது 5 அல்லது 10 சதவீதம். 4,00,000 டாலர் வீட்டுக்கு 5 சதவீதம் என்றால் முதல் 20,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். நகைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வெள்ளக் காப்பீட்டில் நகை, ஓவியம் போன்றவை எல்லாம் சேர்ந்தே 2,500 டாலர்தான், நம் வீடுகளில் ஒரு சங்கிலிக்குக் கூட அது காணாது. எனவே நகை உங்களோடு பயணம் செய்ய வேண்டும், இல்லையென்றால் தனிக் காப்பீடு வேண்டும். காருக்கு 'காம்ப்ரிஹென்சிவ்' (மோதல் அல்லாத சேதங்களுக்கான) காப்பீடு இருந்தால்தான் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வரும். பழைய காருக்குக் குறைந்தபட்சக் காப்பீடு மட்டும் வைத்திருக்கும் மாணவர்கள், புயலுக்கு முன்பே காரை உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

3. ஆவணப் பை

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எழுதப்பட்ட பட்டியல்களில் நம்முடைய தாள்கள் இருப்பதில்லை. விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டியவை:

- எல்லோருடைய பாஸ்போர்ட்டும், விசா முத்திரை உள்ள பழைய பாஸ்போர்ட்டும்
- ஐ-797 ஒப்புதல் தாள்கள், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) அச்சுப் பிரதி. மாணவர்களுக்குக் கல்லூரி கையெழுத்திட்ட ஐ-20. பணி அனுமதி அட்டை, கிரீன் கார்டு, ஓசிஐ அட்டை
- சோஷியல் செக்யூரிட்டி அட்டை, அண்மைச் சம்பளச் சீட்டுகள்
- ஊரிலிருந்து கொண்டுவந்த திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பட்டங்கள்
- வாடகை ஒப்பந்தம், எல்லாக் காப்பீட்டுப் பத்திரங்களின் முதல் பக்கம், காரின் உரிமைச் சான்று
- மருந்துச் சீட்டுகள், குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவு

இவற்றில் ஐ-94-ஐ இணையத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஊரில் வாங்கிய சான்றிதழ்களை மறுபடி பெற யாராவது அங்கே அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் தொலைந்தால் காவல்துறை அறிக்கையோடு தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். டெக்ஸாஸ், லூசியானாக்காரர்களுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம், ஃப்ளோரிடா, ஜார்ஜியாக்காரர்களுக்கு அட்லாண்டா. எல்லாவற்றையும் நீர் புகாத பையில் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். படமெடுத்து மின்னஞ்சலிலோ மேகச் சேமிப்பிலோ ஏற்றி, ஊரில் நம்பகமான ஒருவருக்கும் பார்க்க அனுமதி கொடுங்கள். வங்கி லாக்கருக்குள் தண்ணீர் போகாது என்று எண்ண வேண்டாம். அங்கே வைத்தாலும் நீர் புகாத உறைக்குள் வையுங்கள்.

பிறகு கைப்பேசியில் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். அலமாரிகளைத் திறந்து, மின்சாதனங்களின் வரிசை எண் தெரியும்படி எடுங்கள். அரை மணி நேர வேலை, காப்பீட்டு மதிப்பீட்டாளர் முன்னால் இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

4. எச்சரிக்கைகளைப் படிக்கும் முறை

ஊரில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணைக் கேட்டுப் பழகியவர்கள் இங்கே சற்றுத் தடுமாறுவார்கள். இங்கே நம்ப வேண்டியது மயாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையத்தையும் உங்கள் ஊர் வானிலை அலுவலகத்தையும் உங்கள் கவுண்டியையும்தான். மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. கிழக்கு நேரப்படி காலை 5, பகல் 11, மாலை 5, இரவு 11. டெக்ஸாஸில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு எச்சரிக்கை விடுத்துவிட்டால் இடையிலும் ஓர் அறிக்கை வரும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பல வண்ணக் கோட்டுப் படங்களில் எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று அனுப்புகிறவருக்கே தெரியாது. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 75 என்று கேட்டதும் கிலோமீட்டர் கணக்கில் நினைத்துச் சாதாரணக் காற்று என்று விட்டுவிடக் கூடாது, அது மணிக்கு 120 கிலோமீட்டர். 39 மைலைத் தொட்டால் வெப்பமண்டலப் புயல், பெயர் வைப்பார்கள். 74-ஐத் தொட்டால் ஹரிகேன், முதல் வகை. 96-இல் இரண்டாம் வகை, 111-இல் மூன்றாம் வகை, 130-இல் நான்காம் வகை, 157-இல் ஐந்தாம் வகை. மூன்றும் அதற்கு மேலும் 'பெரும் ஹரிகேன்'.

இந்த வகை எண்ணை வைத்துத்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அது காற்றின் வேகத்தை மட்டும் சொல்கிறது, கடல் எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பதற்கு அதில் இடமே இல்லை. 2008-இல் ஐக் புயல் இரண்டாம் வகைதான், ஆனால் கால்வெஸ்டனை ஒட்டிய பொலிவர் தீபகற்பத்தைக் கடல் துடைத்துப் போட்டது. 2017-இல் ஹார்வி ஹூஸ்டனை மூழ்கடித்தபோது அது ஹரிகேனாகவே இல்லை, வலுவிழந்த வெப்பமண்டலப் புயலாக இருந்தது. டெக்ஸாஸில் ஓரிடத்தில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. 2024 ஜூலையில் பெரில் முதல் வகை. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டு, கொளுத்தும் வெயிலில் பல நாள் மக்கள் தவித்தார்கள். 'முதல் வகைதானே' என்று யாராவது சொன்னால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது வாட்ச், வார்னிங். ஹரிகேன் வாட்ச் என்றால் உங்கள் பகுதியில் ஹரிகேன் நிலைமை ஏற்படக்கூடும், 39 மைல் காற்று வருவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பு அறிவிப்பார்கள். வார்னிங் என்றால் ஏற்படும் என்றே எதிர்பார்க்கிறார்கள், சுமார் 36 மணி நேரம் முன்பு வரும். இந்த மணிக்கணக்கு புயல் கரை கடக்கும் நேரத்துக்கானது அன்று. முதல் பலத்த காற்று வரும் நேரத்துக்கானது. அதற்குப் பிறகு ஏணியில் ஏறவோ பலகை அடிக்கவோ முடியாது. எனவே கரை கடக்கும் நேரத்தை வைத்து வேலைகளைத் திட்டமிடாதீர்கள். மையத்தின் தளத்தில் காற்று எவ்வளவு சீக்கிரம் வந்துவிடக்கூடும் என்று காட்டும் தனி வரைபடம் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

ஸ்டோர்ம் சர்ஜ் என்பது காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல் நீர் நிலத்துக்குள் ஏறுவது. அதற்கும் தனியாக வாட்ச், வார்னிங் உண்டு, அவையும் 48, 36 மணி நேரக் கணக்குதான். 'தரைக்கு மேல் 6 முதல் 9 அடி' என்று போட்டிருந்தால், வழக்கமாக உலர்ந்து கிடக்கும் நிலத்தின் மேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கக்கூடும் என்று பொருள். ஆள் உயரத்தைத் தாண்டிய நீர் அது. இந்த வார்னிங் உங்கள் பகுதிக்கு வந்தால் வேறு எதையும் பார்க்காமல் கிளம்பத் தயாராகுங்கள்.

கூம்பு வடிவப் படத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். புயலின் மையம் எந்தப் பாதையில் போகலாம் என்பதை மட்டும் அது காட்டுகிறது, புயலின் அகலத்தை அல்ல. மையமே மூன்றில் ஒரு பங்கு வேளை கூம்புக்கு வெளியே போய்விடும். 2022-இல் இயன் டாம்பாவை நோக்கி வருவதாகவே பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள், கரை ஏறியது தெற்கே லீ கவுண்டியில். ஃபோர்ட் மயர்ஸ் பீச்சைக் கடல் விழுங்கியது. 2024-இல் ஹெலீன் டாம்பாவிலிருந்து ஏறக்குறைய நூறு மைல் தள்ளிக் கடலிலேயே கடந்து போயும், டாம்பா விரிகுடாவில் இதுவரை பதிவாகாத அளவு கடல் ஏறியது. கூம்பின் நடுக்கோட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் புயல் மளமளவென்று வலுக்கும். 2024 அக்டோபரில் மில்டன் ஒரு நாளைக்குள் முதல் வகையிலிருந்து ஐந்தாம் வகைக்குப் போனது. நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை.

5. வாங்கி வைக்க வேண்டியவை

ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர், குறைந்தது மூன்று நாளுக்கு. ஒரு வாரத்துக்கு இருந்தால் நல்லது. நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு 28 காலன். உணவு என்று வரும்போது அரிசி மூட்டை உதவாது, மின்சாரம் போனால் மின்னடுப்பும் குக்கரும் வேலை செய்யாது. அவல், பொரி, பொட்டுக்கடலை, சத்துமாவு, பேரீச்சம்பழம், ரொட்டி, டப்பா உணவுகள் என்று சமைக்காமல் உண்ணக்கூடியவற்றை வாங்குங்கள். டப்பாவைத் திறக்கக் கையால் இயக்கும் திறப்பான் வேண்டும்.

டார்ச், பேட்டரி வானொலி, பவர் பேங்க், சில்லறை நோட்டாகப் பணம். மின்சாரம் இல்லாதபோது அட்டை இயந்திரம் ஓடாது. டெக்ஸாஸில் ஏப்ரல் கடைசியில் ஒரு வார இறுதியில் இத்தகைய பொருள்கள் பலவற்றுக்கு விற்பனை வரி கிடையாது. வாரம் ஒன்றாக வாங்கினால் செலவு கனக்காது.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் அவர்கள் மருந்தைத் தனியாக எண்ணிப் பாருங்கள். ஊர் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு இங்கே மருந்துக் கடையில் தரமாட்டார்கள். கையிருப்பு ஒரு மாதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

6. புயல் வரும் வாரம்

ஐந்து நாளுக்கு முன், கூம்பில் உங்கள் ஊர் வந்துவிட்டால், காருக்கு எரிபொருள் நிரப்புங்கள், மருந்து வாங்குங்கள், ரத்து செய்யக்கூடிய விடுதி அறை ஒன்றை உள்நாட்டுப் பக்கமாகப் பதிவு செய்யுங்கள். காத்திருந்தால் அறை கிடைக்காது.

மூன்று நாளுக்கு முன், போவதா இருப்பதா என்று முடிவெடுங்கள். வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறீர்கள், தரையோடு ஒட்டிய வீடு, நடமாடும் வீடு (மொபைல் ஹோம்), கைக்குழந்தை, மின்சாரத்தை நம்பிய மருத்துவக் கருவி, இவற்றில் எது இருந்தாலும் போய்விடுங்கள். உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே சமயம் மண்டலத்துக்கு வெளியே உறுதியான கட்டடத்தில் இருப்பவர்கள் சாலையை அடைக்க வேண்டாம். 2005-இல் ரீட்டா வந்தபோது ஹூஸ்டனிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி, நெடுஞ்சாலையில் வெயிலில் மணிக்கணக்கில் சிக்கி, பலர் வழியிலேயே இறந்தார்கள். பல நூறு மைல் ஓடவும் வேண்டியதில்லை. தண்ணீர் எட்டாத மேட்டில், உறுதியான ஒரு நண்பர் வீடு போதும். பொது முகாம்களுக்குக் கட்டணம் இல்லை, விசா நிலை தடையும் இல்லை. படுக்கையும் போர்வையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

வேறு ஊரிலிருந்து வேலை செய்யப் போகிற எச்-1பி (பணி விசா) ஊழியர்கள், கிளம்பும் முன் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

கடைசி நாளில் பால்கனிப் பொருள்களை உள்ளே எடுங்கள், குளியல் தொட்டியில் கழிப்பறைக்குத் தண்ணீர் நிரப்புங்கள், குளிர்பெட்டியை அதிகக் குளிரில் வையுங்கள். சன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டுவது எதற்கும் உதவாது. ஷட்டரோ பலகையோதான் காக்கும்.

7. காற்று அடிக்கும் நேரம்

சன்னல் இல்லாத உள்ளறையில் இருங்கள். காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும், வெளியே போகாதீர்கள். தண்ணீர் ஏறினால் மேல் தளத்துக்குப் போங்கள். வெளியேற வழியில்லாத பரணுக்குள் போய் அடைபட்டுவிடாதீர்கள்.

8. புயல் போன பிறகு

வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகும் பலர் இறக்கிறார்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராமல் வையுங்கள். கராஜில் கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் புகை கொல்லும். 2020-இல் லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவில் குடும்பம் குடும்பமாக இப்படி இறந்தார்கள். சாலையில் ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறிய கார்களை நகர்த்திவிடும், இரண்டடியில் பெரும்பாலான வண்டிகள் அடித்துப் போகும். மூடியே இருந்த குளிர்பெட்டி நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள்.

வீட்டுக்குள் நீர் வந்திருந்தால், எதையும் தூக்கி எறியும் முன் சுவரில் நீர் நின்ற கோட்டோடு சேர்த்துப் படமெடுங்கள். பிறகு காயவைக்கத் தொடங்குங்கள், ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். மதிப்பீட்டாளர் வரட்டும் என்று நனைந்த கம்பளத்தை விட்டுவைக்க வேண்டாம், ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்தால் போதும். கதவைத் தட்டி 'இன்றே கையெழுத்துப் போடுங்கள், காப்பீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பவர்களிடம் கையெழுத்தோ முழு முன்பணமோ கொடுக்காதீர்கள். வெள்ளக் காப்பீட்டில் இழப்புச் சான்றுப் படிவத்தைச் சேதம் நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கெடுவைச் சில பேரிடர்களில் நீட்டிப்பார்கள், அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.

ஃபீமா நேரடியாகப் பணமாகத் தரும் உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். எச்-1பி, எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் தங்கள் பெயரில் பெற முடியாது. ஆனால் இங்கே பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால், சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள அந்தக் குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் விட்டுவிடும் நம் குடும்பங்கள் அதிகம். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். ஒரு தாள் குறைகிறது என்பது மட்டுமே காரணமாக இருக்கலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

வீடு இருக்கத் தகுதியில்லாமல் வேறு முகவரிக்கு மாறிவிட்டால், பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தைக் குடியேற்றத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை, சில நிமிட வேலை. குடும்பத்தில் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அஞ்சல் துறையிலும் முகவரி மாற்றம் கொடுங்கள், காப்பீட்டுக் காசோலை பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால் வாரக்கணக்கில் இழுக்கும்.